பிள்ளைகளின் கரங்கள் வழியே வந்த காவல்: எட்வேர்ட் ஜென்னரின் வாழ்வும் நமது கடமையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு பெரும்பாலும் போர்க் கப்பல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என ஒருவர் பின் ஒருவராக இவ்வியற்கைத் துறைமுகத்தின் மீது கண்வைத்தனர். 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர். எனினும், கப்பல்கள் இக்கரைக்கு ஏற்றி வந்தவை பீரங்கிகளும் வாசனைத் திரவியங்களும் மாத்திரமல்ல. ஆட்கள் நடமாடும் துறைமுகங்கள் வழியே நோய்களும் நடமாடின. அவற்றுள் மிகக் கொடியது பெரியம்மை. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களுடன் திருகோணமலையிலும் அம்மை நோயாளருக்கென மருத்துவமனை நிறுவப்பட்டது என்பது, அந்நோய் இப்பகுதியை எவ்வளவு வருத்தியது என்பதற்குச் சான்றாகும்.

அந்த மருத்துவமனை இன்றில்லை. அதற்கான தேவையும் இன்றில்லை. பெரியம்மை என்ற நோயே உலகில் இல்லை. மூதூரிலோ, கிண்ணியாவிலோ, நிலாவெளியிலோ, வெருகலிலோ இன்று பிறக்கும் குழந்தையின் தாய்க்கு அந்நோயின் முகம் தெரியாது. இந்த நற்பேறு நமக்கு எவ்வாறு வாய்த்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். மறதி சில வேளைகளில் ஆபத்தானது. ஆகவே, அந்த நற்பேற்றைத் தொடக்கி வைத்த எட்வேர்ட் ஜென்னர் என்ற கிராம வைத்தியரின் வாழ்வை இங்கே நினைவுகூர விரும்புகின்றோம்.

பெரியம்மையை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். தமிழர் அதனை அம்மனின் வருகை எனக் கொண்டு, வாசலில் வேப்பிலை செருகி, வீட்டைத் தூய்மையாக வைத்து, நோயாளியைத் தனிமைப்படுத்தி, அச்சத்துடனும் பக்தியுடனும் அதனை எதிர்கொண்டனர். இஸ்லாமிய உலகின் மருத்துவ மேதையான அபூபக்ர் அர்-ராஸி, ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன்னரே பெரியம்மையையும் சின்னமுத்தையும் வெவ்வேறு நோய்களாகப் பிரித்தறிந்து தனி நூலொன்று எழுதினார். அந்நூல் பிற்காலத்தில் ஐரோப்பிய மொழிகளில் பெயர்க்கப்பட்டு நெடுங்காலம் பயிலப்பட்டது. நோயை அறிவதில் கீழைத்தேயத்தவர் பின்தங்கியிருக்கவில்லை. ஆனால், அறிந்த நோயைத் தடுக்கும் பாதுகாப்பான வழி எவர் கையிலும் இருக்கவில்லை.

அந்நோய்க்கு ஆளானவர்களில் பத்துப் பேருக்கு மூவர் வரையில் மாண்டனர். தப்பியோர் முகமெங்கும் வடுக்களைத் தாங்கினர். பலர் கண்ணொளி இழந்தனர். 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் குழந்தைகளே. அம்மை வந்து போன பின்னரே பிள்ளைகளை எண்ண வேண்டும் என்ற நிலைமை பல நாடுகளில் நிலவியது.

இத்தகைய காலத்தில், 1749 மே 17ஆம் திகதி, இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் மாவட்டத்துப் பேர்க்லி என்ற சிற்றூரில் ஜென்னர் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் குரு. ஒன்பது பிள்ளைகளுள் எட்டாமவரான அவர், ஐந்து வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து மூத்த சகோதரரின் பராமரிப்பில் வளர்ந்தார்.

எட்டு வயதில் அவருக்கு நேர்ந்த அனுபவம் ஒன்று அவரது பிற்கால வாழ்வை விளங்கிக்கொள்ள உதவும். அக்காலத்தில் பெரியம்மையைத் தடுப்பதற்கென ஒரு முறை வழக்கிலிருந்தது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைச் சுகதேகியின் தோலைக் கீறி அதில் இடுவர். மெலிதான நோய் வந்து போகும். அதன்பின் பெரியம்மை அண்டாது. ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் நெடுங்காலம் பயின்று வந்த இம்முறையைத் துருக்கியில் கண்ட ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மொன்ரேகு சீமாட்டி, 1718இல் கொன்ஸ்தாந்திநோபிளில் தமது மகனுக்கே செய்வித்து, பின்னர் இங்கிலாந்தில் பரப்பினார். ஐரோப்பியருக்குத் துருக்கி நாட்டுப் பெண்களின் கைப்பழக்கம் கற்பித்த பாடம் இது என்பது பலர் அறியாத செய்தியாகும்.

ஆனால் இங்கிலாந்து வைத்தியர்கள் அந்த எளிய முறையைப் பெரும் சடங்காக்கினர். சிறுவன் ஜென்னரைப் பல நாட்கள் பட்டினி போட்டனர், இரத்தம் வடித்தனர், பேதி மருந்து கொடுத்தனர். பின் அம்மை நீரைக் கீறியிட்டு, ஏனைய சிறுவர்களுடன் குதிரைக் கொட்டில் போன்றதோர் இடத்தில் அடைத்து வைத்தனர். அவர் பிழைத்தார். எனினும் அம்முறையில் அம்மை கண்டோர் சிலர் இறந்ததும் உண்டு. அவர்களிடமிருந்து நோய் பிறருக்குப் பரவி ஊரே பாதிக்கப்பட்டதும் உண்டு. காவலே ஆபத்தாகவும் அமைந்த அந்த அனுபவத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

பதின்ம வயதில் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரிடம் தொழில் பயிலச் சேர்ந்த அவர், 1770இல் இலண்டனுக்குச் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த சத்திரசிகிச்சை நிபுணரான ஜோன் ஹண்டரிடம் கற்றார். ஊகிப்பதோடு நில்லாது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே ஹண்டரின் போதனையின் சாரம். இலண்டனில் புகழும் பணமும் காத்திருந்தும், ஜென்னர் தம் சொந்த ஊருக்கே திரும்பி நாட்டுப்புற வைத்தியராக வாழ்ந்தார். குயில் பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுவது குறித்து அவர் செய்த ஆய்வு, இலண்டன் அறிவியல் கழகத்தின் உறுப்புரிமையைப் பெற்றுத் தந்தது.

பேர்க்லிப் பகுதி பாற்பண்ணைகள் நிறைந்தது. பசுக்களின் மடியில் கொப்புளங்கள் தோன்றும் பசுவம்மை என்ற நோய் பால் கறப்போரின் கைகளிலும் தொற்றும். சில நாட்களில் ஆறிவிடும். அவ்வாறு பசுவம்மை கண்டோரைப் பெரியம்மை தீண்டுவதில்லை என்பது பால்காரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த செய்தி. கற்றறிந்த வைத்தியர்கள் பலர் இதனைப் பாமரர் பேச்செனத் தள்ளினர். பெஞ்சமின் ஜெஸ்ரி என்ற விவசாயியோ 1774ஆம் ஆண்டிலேயே தம் மனைவிக்கும் இரு மைந்தருக்கும் பசுவம்மை நீரைத் துணிந்து இட்டிருந்தார். ஆகவே, ஜென்னரே இதனை முதன்முதலில் கண்டவர் என்பது பிழை. பாமரர் பேச்சைச் செவிமடுத்து, பல ஆண்டுகள் பொறுமையுடன் தகவல் திரட்டி, சோதித்து, யாவரும் சரிபார்க்கும் வகையில் எழுதி வெளியிட்டவர் அவரே என்பதுதான் சரியான கூற்றாகும்.

1796 மே 14ஆம் திகதி அச்சோதனை நடந்தது. சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த பசுவம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸின் கரத்தில் கீறியிட்டார். சிறுவனுக்குச் சிறிது காய்ச்சல் கண்டு தணிந்தது. ஜூலை மாதத்தில் பெரியம்மை நீரையே அச்சிறுவனுக்கு இட்டுப் பார்த்தார். நோய் வரவில்லை.

இச்சோதனையை இன்றைய மருத்துவ நெறிகள் அனுமதிக்கமாட்டா என்பதை மறைப்பதற்கில்லை. வறிய தொழிலாளி ஒருவரின் பிள்ளையைக் கொடிய நோயின் முன் நிறுத்திப் பார்த்த செயல் அது. அக்காலத்தில் அம்மை நீரைக் கீறியிடுதல் பல குடும்பங்களில் வழக்கமாக இருந்தது என்பது அதற்கான விளக்கமேயன்றி முழுமையான நியாயமாகாது. ஜென்னர் அச்சிறுவனை மறக்கவில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். பிற்காலத்தில் பிப்ஸ் குடும்பத்தவராக வாழ அவர் வாடகையின்றி ஒரு வீட்டை வழங்கினார். ஜென்னரின் இறுதிச் சடங்கில் கலந்து கொண்டவர்களுள் பிப்ஸும் ஒருவர்.

தமது முடிவை எழுதி அறிவியல் கழகத்துக்கு அனுப்பியபோது அது ஏற்கப்படவில்லை. மேலும் சோதனைகள் செய்து, 23 பேரின் விவரங்களைத் தொகுத்து, 1798இல் தம் சொந்தச் செலவில் நூலாக வெளியிட்டார். எதிர்ப்பு உடனே எழுந்தது. விலங்கின் நோயை மனிதக் குழந்தையின் உடலில் செலுத்துவது இறைவனின் விதிக்கு முரணானது எனப் போதகர் சிலர் கண்டித்தனர். ஊசி குத்தப்பட்டோரின் உடலில் பசுவின் கொம்பும் வாலும் முளைப்பதாக 1802இல் இலண்டனில் கேலிச் சித்திரம் வரையப்பட்டது. பழைய முறையால் வருமானம் பெற்ற வைத்தியர்களும் அவரைத் தாக்கினர். இன்று கைத்தொலைபேசிகளில் பரவும் வதந்திகளுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட வயதுண்டு என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஜென்னர் இவ்வசைகளுக்கு வசையால் பதிலளிக்கப் பெரிதும் முற்படவில்லை. தமது முறையை இரகசியமாக வைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்க முடியும். அவ்வாறு செய்யாது, கேட்டவர் எவராயினும் கடிதம் எழுதி விளக்கினார். அம்மைப் பாலை நூலில் தோய்த்தும் கண்ணாடித் தகடுகளுக்கிடையே உலர்த்தியும் அனுப்பினார். தம் தோட்டத்துச் சிறு குடிலில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி ஊசி குத்தினார். இப்பணியால் அவரது சொந்தத் தொழில் நலிந்தது. பாராளுமன்றம் 1802இல் 10,000 பவுணும் 1807இல் 20,000 பவுணும் வழங்கி அதனை ஓரளவு ஈடு செய்தது.

இனி, அந்தக் காவல் நம் கடலுக்கு வந்த கதை. பசுவம்மைப் பால் நெடும் பயணத்தில், அதிலும் வெப்ப வலயத்தில், வீரியம் இழந்துவிடும். கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பிய உலர்ந்த பால் பயனற்றுப் போயிற்று. அதனை உயிர்ப்புடன் கொண்டு செல்ல ஒரேயொரு வழியே உறுதியாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஊசி குத்தி, ஏறத்தாழ எட்டாம் நாளில் முற்றும் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து அடுத்த பிள்ளைக்கு இட வேண்டும். அப்பிள்ளையிடமிருந்து மற்றொரு பிள்ளைக்கு. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் எல்லாம் வீண். 1803இல் ஸ்பானிய அரசு அமெரிக்கக் கண்டத்துக்கு அனுப்பிய கப்பலில் 22 அநாதைச் சிறுவர்கள் ஏற்றப்பட்டது இதற்காகவே. தாய் தந்தையற்ற அப்பிஞ்சுகளின் கரங்களே மருந்துக் குப்பிகளாயின.

நம் பகுதிக்கான சங்கிலி வேறு வழியே வந்தது. வியன்னாவிலிருந்து கொன்ஸ்தாந்திநோபிள் வழியே பக்தாதுக்கும், அங்கிருந்து பஸ்றாவுக்கும் வந்த பால், கப்பலேறிப் பம்பாயை அடைந்தது. 1802 ஜூன் 14ஆம் திகதி பம்பாயில் அன்னா டஸ்ரோல் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கரத்தில் அது பற்றியது. இந்தியத் துணைக்கண்டத்தில் வெற்றிகரமாகத் தடுப்பூசி பெற்ற முதற் குழந்தை அவளே எனப் பதிவாகியுள்ளது. அவளது கரத்திலிருந்து அது ஐதராபாத், சென்னை எனப் பரவியது. அதே 1802ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தீவையும் எட்டியது. அப்போது இங்கு மருத்துவத் துறைக்குத் தலைமை தாங்கிய தோமஸ் கிறிஸ்டி, பெரியம்மை இத்தீவில் விளைத்த அழிவையும் தடுப்பூசி பரவிய விதத்தையும் விவரித்து 1811இல் நூலொன்று வெளியிட்டார். நோய் கண்டவரைக் கைவிட்டுக் கிராமங்களே இடம்பெயர்ந்த நிலைமையை மாற்றியது அந்த ஊசியே.

அந்தச் சங்கிலியில் கிறிஸ்தவப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் கண்ணிகளாக இருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு பிள்ளை பெற்ற காவல் மறு பிள்ளைக்குக் கைமாறியது. தடுப்பூசி என்பது தனியொரு வீட்டின் சொத்தன்று, பிள்ளைகள் பிள்ளைகளுக்கு அளித்த கொடை என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தக்கூடிய வரலாறு வேறில்லை.

ஜென்னரின் இறுதிக் காலம் துயரம் மிக்கது. 1810இல் மூத்த மகனும் 1815இல் மனைவி கத்தரீனும் காசநோய்க்குப் பலியாயினர். உலகின் பிள்ளைகளைக் காத்தவரால் தம் வீட்டைக் காக்க முடியவில்லை. அந்நோய்க்கு அன்று தடுப்பும் இல்லை, மருந்தும் இல்லை. இன்று இலங்கையில் பிறந்தவுடன் குழந்தையின் கையில் இடப்படும் முதல் ஊசி காசநோய்க்கு எதிரானது என்பதை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். 1823 ஜனவரி 26ஆம் திகதி, 73ஆம் வயதில், பேர்க்லியிலேயே அவர் காலமானார்.

அவர் கூறியவை யாவும் சரியாக அமைந்தன எனக் கொள்ள வேண்டியதில்லை. ஒரு முறை குத்தினால் ஆயுள் முழுவதும் போதும் என அவர் நம்பினார். மீண்டும் குத்த வேண்டும் எனப் பின்னர் தெரியவந்தது. கைக்குக் கை பாலை மாற்றியதால் வேறு நோய்கள் தொற்றிய சம்பவங்களும் நிகழ்ந்தன. அதனால் கன்றிலிருந்து பால் எடுக்கும் முறையும், பிற்காலத்தில் உறையவைத்து உலர்த்திய மருந்தும் வந்தன. குறை கண்டவிடத்துத் திருத்திக் கொண்டதாலேயே இவ்வறிவு வளர்ந்தது.

1975இல் பங்களாதேசத்தின் போலா தீவைச் சேர்ந்த ரஹீமா பானு என்ற சிறுமி, கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய இறுதி நோயாளியானாள், உயிர் தப்பினாள். 1977இல் சோமாலியாவின் மருத்துவமனைச் சமையற்காரர் அலி மாவோ மாலின், இயற்கையாக அந்நோய் தொற்றிய இறுதி மனிதரானார். ஊசிக்குப் பயந்து அதனைத் தவிர்த்திருந்த அவர், குணமடைந்தபின் போலியோ சொட்டு மருந்துப் பணியில் இணைந்து, தம் கதையையே தாய்மாருக்கு எடுத்துக் கூறி வந்தார். 1980 மே மாதத்தில் பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இலங்கையின் சாதனையும் குறைவானதன்று. 1993இற்குப் பின் இங்கு எந்தப் பிள்ளையும் போலியோவால் முடமானதில்லை. 1990களின் நடுப்பகுதியில், போர் உக்கிரமாக நடந்த காலத்திலும், சொட்டு மருந்து கொடுப்பதற்காக வடக்கு கிழக்கில் துப்பாக்கிகள் சில நாட்கள் மௌனித்தன. எதிலும் உடன்படாத இரு தரப்பும் பிள்ளைகளின் விடயத்தில் உடன்பட்டன. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை படகேறித் திருகோணமலை நகருக்கு வரவேண்டியிருந்த தாய்மார், அத்துன்பத்துக்கிடையிலும் பிள்ளைகளைத் தூக்கி வந்தனர். 2004 ஆழிப்பேரலையில் கிண்ணியா மருத்துவமனை சிதைந்து, பல்லாயிரம் குடும்பங்கள் முகாம்களில் நெருங்கி வாழ நேர்ந்தபோதும், அஞ்சப்பட்டது போன்று பெருங் கொள்ளைநோய் பரவவில்லை. உடனடிச் சுகாதாரப் பணிகளுடன், பிள்ளைகள் முன்னரே பெற்றிருந்த தடுப்பூசிகளும் அதற்குக் காரணமாகும்.

ஆயினும் சங்கிலி தளர்வதற்கான அறிகுறிகள் தென்படுகின்றன. 2019இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்ட நாடாக அறிவிக்கப்பட்ட இலங்கையில், 2023இல் அந்நோய் மீண்டும் பரவியது. ஊசி பெறும் வயதை எட்டாத சிசுக்களும் பாதிக்கப்பட்டனர். 2024 ஜனவரியில், யாழ்ப்பாணம், கல்முனை உட்பட ஒன்பது சுகாதார மாவட்டங்களில் 6 மாதத்துக்கும் 9 மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. சின்னமுத்து காற்றில் பரவுவது. காவலற்றோர் நடுவே ஒரு நோயாளி பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேர் வரை தொற்றச் செய்ய முடியும். நூறு பிள்ளைகளில் 95 பேரேனும் இரு தடவையும் ஊசி பெற்றால்தான் அது தடைப்படும். 9 மாதத்திலும் 3 வயதிலும் இடப்படும் அவ்வூசிகளுள் ஒன்றைத் தவறவிட்ட வீட்டின் பிள்ளை மட்டும் அதற்கு விலை கொடுப்பதில்லை. அயல் வீட்டில் தொட்டிலில் கிடக்கும் ஆறு மாதக் குழந்தையும் விலை கொடுக்கின்றது.

இவ்விடத்தில் அதிகாரிகளின் கடமையையும் சுட்டிக்காட்ட வேண்டியவர்களாக உள்ளோம். தடுப்பூசிக்கு அடிப்படை நம்பிக்கை. கொவிட் காலத்தில், 2020 முதல் 2021 வரை, விஞ்ஞான ஆதாரமின்றி முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டபோது, பிறந்து சில நாட்களேயான சிசுவின் உடல் கூடத் தப்பவில்லை. 2024இல் அரசாங்கம் அதற்காக மன்னிப்புக் கோரியது. சுகாதாரத்தின் பெயரால் ஒரு சமூகத்துக்கு இழைக்கப்பட்ட அநீதி, சுகாதார சேவையின் மீதான நம்பிக்கையையே காயப்படுத்தும். அக்காயத்தை ஆற்ற மன்னிப்பு மாத்திரம் போதாது. தாய்மாரின் மொழியில் பேசும் உத்தியோகத்தர்கள், போதிய குடும்ப நல மாதுக்கள், கேள்வி கேட்கும் தாயைக் கடிந்து கொள்ளாத கிளினிக்குகள் ஆகியவை வேண்டும். பால்காரப் பெண்களின் பேச்சை மதித்துக் கேட்டதாலேயே ஜென்னர் வென்றார். தாயின் அச்சத்தையும் அவ்வாறே மதித்துக் கேட்க வேண்டும்.

அதேவேளை, ஆட்சியாளர் மீதான கோபத்தைப் பிள்ளையின் கரத்தில் காட்டலாகாது என்பதையும் வலியுறுத்துகின்றோம். மார்க்க ரீதியான ஐயங்கள் எழுமாயின் அவற்றுக்கு அறிவுள்ள ஆலிம்கள் உள்ளனர். 2018இல் இந்தோனேசியாவில், சின்னமுத்துத் தடுப்பு மருந்தின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டது பற்றிய கேள்வி எழுந்தபோது, அந்நாட்டு உலமா சபை அதனை ஆராய்ந்து, வேறு மருந்து கிடைக்காத நிலையில் நிர்ப்பந்தத்தின் அடிப்படையில் பயன்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. வதந்திக்குப் பதிலாக விசாரணை என்பதே அங்கு கைக்கொள்ளப்பட்ட வழி. பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கிளினிக் தினங்களை நினைவூட்டும் சிறு பணியை ஏற்பின், அதன் பயன் பெரிதாக இருக்கும்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டை ஒவ்வொரு பெற்றோரும் இன்றே எடுத்துப் பார்க்க வேண்டும் எனக் கேட்டுக் கொள்கின்றோம். தவறிய ஊசி இருப்பின் அடுத்த கிளினிக் தினத்திலேயே குடும்ப நல மாதுவிடம் கூறலாம். தாமதமாகிவிட்டதே எனத் தயங்க வேண்டியதில்லை. பெயர் தெரியாத பிள்ளைகள் பலர் கைக்குக் கை கடத்தி நம்மிடம் சேர்த்த காவல் இது. அது நம் தலைமுறையில் அறுந்து போக இடமளிக்கலாகாது.